கேரி ஆன்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் தோளுயரத்தில்
எங்கள் வகுப்பு.
கீழே தேன் கடை, மேலே இங்கிலீஷ்.
ஜன்னலைத் திறந்தால் களியக்காவிளை பஸ்ஸின் இருபது முகங்கள்
பாடத்தைப் பார்த்துவிட்டுப் போகும்.

அன்று பலகையில் எழுதியது: கேரி ஆன்.
கேரி என்றால் சும.
ஆன் என்றால் மேல்.
சேர்ந்துவிட்டால் சுமையும் இல்லை, மேலும் இல்லை;
தொடர், நிறுத்தாதே,
விட்ட இடத்திலிருந்து செய்,
அவ்வளவுதான் என்றேன்.

"அப்ப அந்தச் சுமை எங்க போச்சு டீச்சர்?"

கேட்டது மரிய டெல்பின்.
கடியபட்டணம். நாற்பத்திரண்டு வயது.
மால்டாவில் முதியோரைக் குளிப்பாட்டும் வேலைக்கு
மனுப் போட்டிருப்பவள்.
காலையில் மீன், மாலையில் மொழி.
கடைசி பெஞ்சில் அவளுக்கு இருபுறமும் ஓர் ஆள் இடம் காலி,
நர்சிங் முடித்த பெண்கள் விட்டது.

கேள்வி கேட்காமல் மனப்பாடம் பண்ணுங்கள் என்றேன்.
எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

நாலு வாக்கியம் எழுதச் சொன்னதில்
மற்றவர்கள் மருந்தைத் தொடர்ந்தார்கள்,
மேற்படிப்பைத் தொடர்ந்தார்கள்,
ஒருத்தி மழையிலும் கூட்டத்தைத் தொடர்ந்தாள்.
டெல்பினின் நோட்டில்:
ஐ கேரி ஆன் ஃபிஷ்.
ஐ கேரி ஆன் ஹெட்.
ஐ கேரி ஆன் பஸ், கண்டக்டர் நோ.
ஹஸ்பண்ட் நோ. ஐ கேரி ஆன்.

முதல் மூன்றையும் சிவப்பில் அடித்தேன்.
நாலாவதில் பேனா நின்றது.
பாதி தப்பு, பாதி சரி.
அரை மார்க் போட்டேன்.

அன்றிரவு குழித்துறைப் பக்கம் நடந்துகொண்டிருக்கையில்
அந்தச் சொல்லிலேயே கால் தட்டியது.
நடந்து, கொண்டு.
எதைக் கொண்டு?
பேசிக்கொண்டு, சமைத்துக்கொண்டு, காத்துக்கொண்டு,
முப்பத்தொரு வருடமாக வாக்கியத்துக்கு வாக்கியம்
எதையோ கையில் பிடித்தபடியே வந்திருக்கிறேன்,
என்னவென்று பார்த்ததில்லை.
பேச்சில் அது இன்னும் சிறுத்துப்போகிறது,
அழுதுகிட்டு, சிரிச்சுகிட்டு,
சும்மாட்டுத் துணி நாள்பட நாள்பட
தலையோடு தட்டையாகிவிடுவதுபோல.

நாலு தடவை பரீட்சை எழுதி
அரைப் புள்ளியில் நின்றவள் நான்.
ஒவ்வொரு முடிவுக்கும் மறுநாள்
காலை ஒன்பதரைக்குச் சாக்பீஸ் எடுத்திருக்கிறேன்.
அதற்கு என்ன வினைச்சொல் என்று
எந்த மாணவியும் கேட்கவில்லை.

அடுத்த வகுப்பில் அவளிடம் சொன்னேன்:
சுமை எங்கேயும் போகலை அக்கா.
எதைன்னு சொல்றதில்லை, அவ்வளவுதான்.
"அப்ப எனக்க வாக்கியம் சரியா?"
தப்பு.
"கொள்ளாம்" என்று சிரித்தாள்,
பெஞ்சின் காலி இடங்கள் இரண்டும் குலுங்க.

ஆவணியில் ஒரு பின்னிரவு,
திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து போன்.
"டீச்சர், இங்க கேரி ஆன் ஏழு கிலோதானாம்.
எனக்க பை ஒம்பதே முக்கால்.
வகுப்புல நீங்க கிலோ சொல்லலியே."

எதை வெளியே எடுக்கப் போறீங்க?

"நெத்திலிக் கருவாட்ட எடுக்க மாட்டேன்."
ஒரு மூச்சு.
"நோட்டையும் எடுக்க மாட்டேன்.
ரெண்டு சேலைய மேலேயே சுத்திக்கிடுதேன்."
ஜிப் இழுபடும் சத்தம். ஏதோ ஓர் அறிவிப்பு.
வரிசையில் யாரோ அவசரப்படுத்தினார்கள் போல,
குரல் போனிலிருந்து விலகியது.
எனக்குச் சொன்னதல்ல,
பின்னால் நின்றவருக்கு, ஒதுங்கி வழிவிட்டு,
ஒரு தப்பும் இல்லாமல் சொன்னாள்:
"யூ கேரி ஆன்."

போனை அவள் வைக்கவில்லை.
சேலை மடிப்புப் பிரியும் ஓசை
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.